கானாடுகாத்தான் ரவுட்டரில் அயல்நாட்டு உளவாளிக்கு என்ன வேலை?

காரைக்குடியைச் சுற்றிக் கேபிள் டிவி நடத்திய பலர் இன்று வீடுகளுக்கு ஃபைபர் இழுத்து இன்டர்நெட் கொடுக்கிறார்கள். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் என்று கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு வயர் தொங்குகிறது. இவர்களில் ஒருவரிடம் போய், "வெளிநாட்டு உளவுக்காரன் உங்க ரவுட்டருக்குள்ள வரலாம்" என்றால் சிரிப்பார். "நம்மகிட்ட என்னண்ணே இருக்கு? ரெண்டாயிரம் கனெக்‌ஷன், பாதிப்பேரு பில்லு பாக்கி."

சிரிப்பதில் தப்பில்லை. பணம் பறிக்க வருகிறவன் பணம் இருக்கிற இடத்துக்குத்தான் வருவான். உளவு பார்க்க வருகிறவனின் கணக்கு வேறு. ஆபரேட்டரிடம் இருக்கும் சொத்து அவனுக்கு வேண்டாம். ஆபரேட்டர் நிற்கிற இடம் வேண்டும். இரண்டாயிரம் வீட்டுப் போக்குவரத்தும் ஒரே பெட்டி வழியாகப் போகிறது என்றால், அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்தவன் இரண்டாயிரம் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கொள்ளைக்காரன் வந்தால் தெரிந்துவிடும்: கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ளும், நெட் நிற்கும், போன் அடிக்க ஆரம்பிக்கும். உளவாளி வந்தால் எதுவும் நடக்காது. நெட் வேகம் குறையாது, ஒரு புகாரும் வராது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லிட்டில்டன் என்று பத்தாயிரம் பேர் வாழும் ஊர் உண்டு. அந்த ஊரின் மின்சார, குடிநீர்த் துறைக்கு 2023 நவம்பரில் எஃப்.பி.ஐ. போன் செய்து சொன்ன பிறகுதான், வோல்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட குழு தங்கள் நெட்வொர்க்கில் இருந்தது அவர்களுக்குத் தெரிந்தது. குழு உள்ளே இருந்தது 300 நாளுக்கும் மேல். சீன அரசோடு தொடர்புள்ள குழு என்கிறது அமெரிக்கா, சீனா மறுக்கிறது. எப்படியிருந்தாலும் அது தொலைத்தொடர்பு நிறுவனமல்ல, பெரிய நகரமும் அல்ல. சின்ன ஊர் என்பது பாதுகாப்பாகாது என்பதற்காகச் சொல்கிறோம்.

நம் பக்கத்தில் என்ன கிடைக்கும்?

முதலில் வாடிக்கையாளர்கள். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. நிறுவனங்களுக்குத் தனிப் பாதுகாப்பான லைன் இருக்கலாம். ஆனால் அங்கே வேலை பார்க்கிறவர் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், லைன் தெருமுனை ஆபரேட்டருடையது. அப்புறம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். வீட்டில் ஒரு காவல்காரரும் எட்டு கேமராவும். அந்தக் கேமரா போவதும் இதே ஃபைபரில்தான்.

இரண்டாவது, முகவரி. ஒரு வெளிநாட்டுக் குழு டெல்லியில் ஓர் அலுவலகத்தைத் தாக்க நினைத்தால், தன் நாட்டு ஐ.பி. முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நேராக வராது. ஊர்க்காரன் வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் வரும். அதற்குத் தோதான வேட்டி, கவனிப்பாரற்ற ஊர் ரவுட்டர். வோல்ட் டைஃபூன் குழு இப்படித்தான் தயாரிப்பாளர் கைவிட்ட பழைய சிஸ்கோ, நெட்கியர் ரவுட்டர்களை நூற்றுக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது. அந்த வலையை நீதிமன்ற ஆணையோடு கலைத்ததாக அமெரிக்க அரசு 2024 ஜனவரியில் அறிவித்தது. இங்கே அப்படி நடந்தால் விசாரணை முதலில் வந்து நிற்பது ஆபரேட்டர் வாசலில்.

மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை: பதிவேடு. எந்த வாடிக்கையாளருக்கு எந்த நேரத்தில் எந்த ஐ.பி. முகவரி கொடுக்கப்பட்டது, அவர் எந்த முகவரியோடு தொடர்பு கொண்டார் என்ற விவரத்தை ஆபரேட்டர் சேமிக்க வேண்டும். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை இந்தக் காலத்தை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக உயர்த்தியது. சட்டப்படி வைத்தாக வேண்டும், சரி. ஆனால் ஊரின் இரண்டாண்டு நடமாட்டம் ஒரே கம்ப்யூட்டரில், பெரும்பாலும் பில்லிங் போடும் அதே அறையில் கிடக்கிறது.

"இப்ப எல்லாமே பூட்டுப் போட்டுத்தானே போகுது, வாட்ஸ்அப்பைக்கூடப் படிக்க முடியாதே" என்பார்கள். உண்மைதான், உள்ளடக்கம் பெரும்பாலும் மறையாக்கம் ஆகிவிட்டது. ஆனால் யார், யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் என்பது மறையவில்லை. எந்தத் தளத்தின் பெயரைத் தேடினார் என்ற டி.என்.எஸ். கேள்வி பல வீடுகளில் இன்னும் திறந்தேதான் போகிறது. ஒரு ஆராய்ச்சியாளர் திடீரென்று இரவு இரண்டு மணி வரை ஒரே சர்வரோடு வேலை செய்கிறார் என்பதே உளவுக்காரனுக்குத் தகவல். கடிதத்தைப் பிரிக்காமல் உறையை மட்டும் ஆறு மாதம் படித்தாலும் குடும்ப விவகாரம் தெரிந்துவிடும்.

இரண்டு பாதைகள்

தற்காப்பைப் புரிந்துகொள்ள நெட்வொர்க்கின் அமைப்பு கொஞ்சம் தெரிய வேண்டும். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ பெரிய நிறுவனம் ஒன்றின் அப்ஸ்ட்ரீம் லைன், அதாவது ஆபரேட்டர் மொத்தமாக இன்டர்நெட் வாங்கும் லைன், கண்ட்ரோல் ரூமுக்கு வருகிறது. அங்கே முதன்மை ரவுட்டர். சின்ன ஆபரேட்டர்களிடம் பெரும்பாலும் மைக்ரோடிக் என்ற நிறுவனத்தின் ரவுட்டர். பக்கத்தில் யார் ரீசார்ஜ் செய்திருக்கிறார் என்று பார்த்து உள்ளே விடும் ரேடியஸ் சர்வர், அதோடு பில்லிங். அடுத்து ஓ.எல்.டி. இந்தப் பெட்டிதான் ஒளியாக மாற்றி ஃபைபரில் அனுப்புகிறது. ஒரு போர்ட்டின் ஒளியை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கலாம். எட்டு போர்ட் ஓ.எல்.டி. ஒன்று 512 வீடு வரை தாங்கும். வீட்டுச் சுவரில் மாட்டும் சின்னப் பெட்டி ஓ.என்.யூ.

இந்தச் சங்கிலி முழுக்க இரண்டு பாதைகள் ஓடுகின்றன. ஒன்று வாடிக்கையாளரின் போக்குவரத்து. மற்றது நிர்வாகம்: ஓ.எல்.டி.க்குள் நுழைந்து புது ஓ.என்.யூ. சேர்ப்பது, ரவுட்டரில் வேகத்தை மாற்றுவது போன்றவை. உளவுக்காரனுக்கு வேண்டியது இரண்டாவது. நிர்வாகம் கையில் கிடைத்தால் முதல் பாதையைத் தன் விருப்பப்படி திருப்பலாம், பிரதி எடுக்கலாம்.

செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு, பின்வாசல் வரைக்கும் நேர்கோட்டில் தெரியும். வெயிலுக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கட்டினார்கள். நம் பக்கத்து நெட்வொர்க்குகள் பலவும் அதே அமைப்பில் இருக்கின்றன. தெருவில் நிற்கிறவனுக்குப் பின்கட்டில் இருக்கும் ஓ.எல்.டி. லாகின் பக்கம் தெரிகிறது. இங்கே காற்றோட்டம் வேண்டாம். கீழே சொல்லப்போகும் வேலைகளில் பாதிக்கு மேல் அந்தக் கதவுகளை நேர்கோட்டிலிருந்து விலக்குகிற வேலைதான்.

எப்படி நுழைந்தார்கள்?

புதிய, யாரும் கேள்விப்படாத ஆயுதத்தோடு வருவார்கள் என்று நினைப்பது திரைப்படப் பழக்கம். நடந்ததைப் பார்ப்போம். சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஈ. மென்பொருளில், உலாவி வழியாக ரவுட்டரை நிர்வகிக்கும் பக்கத்தில், பாஸ்வேர்டே இல்லாமல் முழு அதிகாரக் கணக்கு உருவாக்கக்கூடிய ஓட்டை 2023 அக்டோபரில் வெளிவந்தது. ஆபத்து அளவில் பத்துக்குப் பத்து. அதே மாதம் திருத்தமும் வரத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றில் மூன்று சாதனங்கள் இதே ஓட்டை வழியாகப் பிடிபட்டதாக அந்நாட்டின் இணையப் பாதுகாப்பு மையம் சொன்னது. பின்னால் இருந்தது சால்ட் டைஃபூன் என்ற குழு என்பது அவர்கள் கணிப்பு, அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி., வெரைசன் நிறுவனங்களுக்குள் புகுந்ததாக 2024இல் செய்தியான அதே குழு. கனடாவில் அவர்கள் செய்ததாக மையம் சொன்னது இரண்டு காரியம். ரவுட்டரின் கான்ஃபிகை, அதாவது அதன் அமைப்பு விவரக் கோப்பை, எடுத்துக்கொண்டார்கள். குறைந்தது ஒரு சாதனத்தில் ஜி.ஆர்.இ. என்ற சுரங்கப்பாதை அமைத்துப் போக்குவரத்தை வெளியே இழுக்க வழி செய்தார்கள். அதற்கு வைரஸ் தேவையில்லை. ரவுட்டரில் இயல்பாக இருக்கிற வசதியையே பயன்படுத்தினார்கள். அதனால்தான் ஆன்டிவைரஸை நம்பி இதைப் பிடிக்க முடியாது.

திருத்தம் வந்து பதினாறு மாதம் போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இதைவிட மோசமானதும் உண்டு. சிஸ்கோவின் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதி 4786 போர்ட்டில் (இங்கே போர்ட் என்பது மென்பொருள் வாசலின் எண்) திறந்திருக்கும். அதன் ஓட்டைக்கு 2018 மார்ச்சில் திருத்தம் வந்தது. ரஷ்ய உளவுத்துறை அதே ஓட்டையை இன்னும் பயன்படுத்துகிறது என்று எஃப்.பி.ஐ. எச்சரித்தது 2025 ஆகஸ்டில்.

மைக்ரோடிக்குக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. ரவுட்டரை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் மென்பொருளுக்கான 8291 போர்ட்டில், உள்ளே இருக்கும் பாஸ்வேர்டு கோப்பையே வாசிக்க விடும் ஓட்டை இருந்தது. 2018 ஏப்ரலில் திருத்தினார்கள். ஆனால் அந்த ஆண்டு செப்டம்பரில் சீனாவின் நெட்லேப் 360 ஆய்வாளர்கள் பார்த்தபோது, 7,500க்கும் மேற்பட்ட மைக்ரோடிக்குகள் தங்கள் போக்குவரத்தின் பிரதியை யாரோ ஒருவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அதற்குப் பயன்பட்டதும் பழுது பார்க்கவென்று ரவுட்டரிலேயே இருக்கும் பாக்கெட் ஸ்னிஃபர் என்ற பிரதியெடுக்கும் வசதிதான். பெட்டியின் சொந்தக்காரர்கள் நெட் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எந்த நாட்டுப் பெட்டி வாங்கலாம் என்ற கேள்வி இங்கே எழும். அமெரிக்கா சீனாவின் ஹுவாவே, இசட்.டி.இ. சாதனங்களைச் சிறு நிறுவனங்களிடமிருந்து கழற்றி மாற்ற 2020இல் சட்டம் போட்டு 190 கோடி டாலர் ஒதுக்கியது. போதாமல் மொத்தத் தேவை 498 கோடி டாலர் என்று வந்து, பற்றாக்குறையை 2024 டிசம்பரில்தான் ஈடுகட்டியது. இந்தியாவில் 2021 ஜூன் 15 முதல் புதிதாகப் போடும் தொலைத்தொடர்புச் சாதனம் நம்பகமான மூலத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஏற்கெனவே மாட்டியதைக் கழற்றச் சொல்லவில்லை. விதி முக்கியம்தான். ஆனால் மேலே பார்த்த பெட்டிகள் அமெரிக்கத் தயாரிப்பும் லாட்வியா தயாரிப்பும். எங்கே செய்தது என்று பார்ப்பதோடு, கடைசியாக எப்போது அப்டேட் செய்தது என்றும் பார்க்க வேண்டும்.

வேலையைத் தொடங்குவது

முதல் நாள் வேலைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ரேக்கில் இருப்பது, கம்பத்தில் தொங்குவது, ஏஜென்ட் வீட்டு மாடியில் இருப்பது என்று எல்லாப் பெட்டியையும் எழுதுங்கள்: மாடல், மென்பொருள் வெர்ஷன், ஐ.பி. முகவரி, பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும், தயாரிப்பாளர் இன்னும் அப்டேட் தருகிறாரா. நாலாவது கேள்விக்குத்தான் நேரம் பிடிக்கும். இரண்டு வருடம் முன் வேலையை விட்டுப் போன லைன்மேன் பெயர் அங்கே வரும்.

இரண்டாவது, வெளியிலிருந்து பார்ப்பது. ஆபரேட்டரின் நெட்டை விட்டு வேறு நிறுவன மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, உங்கள் சொந்த ஐ.பி. தொகுதியை மட்டும் என்மேப் என்ற மென்பொருள் கொண்டு, எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று சோதியுங்கள். பார்க்க வேண்டிய போர்ட்டுகள்: 22, 23, 80, 443, 8291, 8728, 4786, 7547, யூ.டி.பி. 161. இதில் எது திறந்திருந்தாலும் உலகத்துக்கே திறந்திருக்கிறது. 23 என்பது டெல்நெட், தொலைவிலிருந்து லாகின் செய்யும் பழைய முறை. பாஸ்வேர்டு பூட்டில்லாமல் போகும், எந்தக் காரணத்துக்கும் வைத்திருக்க வேண்டாம். 161 என்பது பெட்டிகளைக் கண்காணிக்கும் எஸ்.என்.எம்.பி.; பெரும்பாலும் "பப்ளிக்" என்ற தொழிற்சாலைச் சொல்லே அதற்குச் சாவி. 7547 வீட்டு ஓ.என்.யூ.களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் போர்ட். 2016 நவம்பரில் ஜெர்மனியில் இந்தப் போர்ட்டைக் குறிவைத்த தாக்குதலில் டாய்ச் டெலிகாமின் ஒன்பது லட்சம் வீடுகள் இணைப்பிழந்தன.

மூன்றாவது சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் உட்கார்ந்து, அவர் வைஃபையிலிருந்து ஓ.எல்.டி.யின் உள் முகவரியை அடித்துப் பாருங்கள். "அது பத்தில தொடங்குற பிரைவேட் ஐ.பி., வெளியாளு வர முடியாது" என்று நம்பியிருப்பீர்கள். வெளியாள் வர முடியாது, வாடிக்கையாளர் வரலாம். அவருக்குக் கொடுத்த 100.64 முகவரியிலிருந்து உங்கள் 10.99 முகவரிக்குப் போக வேண்டுமென்றால் ரவுட்டர் தாராளமாக வழிவிடும், அதன் வேலையே அதுதானே. லாகின் பக்கம் திறந்தால், அந்த வீட்டு மலிவுக் கேமராவில் புகுந்தவனும் உங்கள் ஓ.எல்.டி. முன்னால் நிற்கிறான் என்று அர்த்தம். ஓ.எல்.டி.யின் பூட்டை மட்டும் நம்பவும் முடியாது. பல பெயர்களில் விற்கப்பட்ட ஒரு வகை ஓ.எல்.டி.களில் தயாரிப்பிலேயே பதிந்த டெல்நெட் கணக்குகள் இருந்ததை 2020 ஜூலையில் பியர் கிம், அலெக்ஸாண்டர் டோரஸ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தக் கணக்குகள் மாறாது.

கதவைத் திருப்பி வைப்பது

இதற்குத் தீர்வு நிர்வாகத்துக்கென்று ஒரு தனி விலான், அதாவது அதே வயரில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க். ரவுட்டர், சுவிட்ச், ஓ.எல்.டி., யூ.பி.எஸ். கார்டு எல்லாவற்றின் நிர்வாக முகவரியும் அதில் மட்டும். வாடிக்கையாளர் முகவரிகளிலிருந்து அந்த விலானுக்குப் போகும் எதையும் தடுக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டிய டெக்னீஷியன் முதலில் வி.பி.என். என்ற பூட்டுள்ள பாதை வழியாக உள்ளே வரட்டும். மைக்ரோடிக் வெர்ஷன் 7இல் வயர்கார்டு என்ற வி.பி.என். கூடவே வருகிறது. அங்கிருந்து ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு, அதிலிருந்து மற்ற பெட்டிகளுக்கு. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டால் போதும். அதில் பில்லிங், பாட்டு, படம் எதுவும் கூடாது.

மைக்ரோடிக்கில் ஐ.பி. சர்வீசஸ் பட்டியலைத் திறந்து டெல்நெட், எஃப்.டி.பி., வலைப்பக்கம் மூன்றையும் அணைத்துவிடுங்கள். மிச்சமிருப்பதில் "அவைலபிள் ஃப்ரம்" என்ற இடம் காலியாக இருந்தால் யாரும் வரலாம் என்று பொருள். நிர்வாக விலான் முகவரியை அங்கே எழுதுங்கள். அதோடு எதை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் ஃபயர்வாலிலும் தடுங்கள். இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஃபயர்வாலில் ஃபார்வர்டு சங்கிலி என்ற விதித் தொகுதி ரவுட்டரைக் கடந்து போகும் போக்குவரத்துக்கு. ரவுட்டருக்கே வருவது இன்புட் சங்கிலி. ஃபார்வர்டில் பத்து விதி எழுதிவிட்டு இன்புட்டைத் திறந்து போட்டிருப்பார்கள். அடுத்தது ஐ.பி.வி.6, அதாவது புதிய வகை ஐ.பி. முகவரி. அதற்கு ஃபயர்வால் பட்டியல் தனி. ஐ.பி.வி.4 பக்கம் இரும்புக் கதவு, ஐ.பி.வி.6 பக்கம் கதவே இல்லை என்ற நிலையில் பல ரவுட்டர்கள் ஓடுகின்றன. ஆபரேட்டர்கள் வாங்கும் மைக்ரோடிக்கின் சி.சி.ஆர். வகைப் பெட்டிகள் ஃபயர்வால் விதி எதுவும் இல்லாமல்தான் பெட்டியிலிருந்து வருகின்றன.

விதி எழுதும்போது அனுமதிக்கிற விதி முதலில், தடுக்கிற விதி கடைசியில். வின்பாக்ஸில் "சேஃப் மோடு" பொத்தானை அழுத்திவிட்டு எழுதுங்கள். தவறி உங்களையே வெளியே தள்ளிக்கொண்டால், இணைப்பு அறுந்த சில நிமிடங்களில் ரவுட்டர் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அழுத்த மறந்தால் ராத்திரி பதினோரு மணிக்குப் புதுவயலுக்கு பைக்கை எடுக்க வேண்டியதுதான்.

பில்லிங் மென்பொருள் ரவுட்டரோடு பேச 8728 போர்ட்டில் ஒரு கணக்கு வைத்திருக்கும். எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுகிறவர்கள் இதை மாற்றுவதில்லை. அது பெரும்பாலும் முழு அதிகாரக் கணக்கு, பாஸ்வேர்டு பூட்டில்லாமல் போகும். பூட்டுள்ள 8729க்கு மாற்றி, அதிகாரத்தைத் தேவையான அளவுக்குக் குறைத்து, பில்லிங் சர்வர் முகவரியிலிருந்து மட்டும் அனுமதியுங்கள். அதே பில்லிங் கம்ப்யூட்டரில் சப்போர்ட்காரர்களுக்காக, தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் எனிடெஸ்க் இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். தேவைப்படும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடி, யார் வந்தார் என்று நோட்டில் எழுதுங்கள். டெக்னீஷியனின் லேப்டாப்பையும் ஒருமுறை பாருங்கள்: கிராக் போட்ட விண்டோஸ், வின்பாக்ஸில் சேமித்து வைத்த முப்பது பாஸ்வேர்டு. அதைத் திருடினால் ரவுட்டரை உடைக்க வேண்டிய வேலையே மிச்சம்.

அப்டேட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் ஒரு இரவு, இரண்டு மணிக்கு மேல். கான்ஃபிகை எழுத்து வடிவில் எக்ஸ்போர்ட் செய்து வெளியே எடுத்து வைத்துவிட்டு, முதலில் முக்கியமில்லாத ஒரு பெட்டியில், இரண்டு நாள் கழித்து முதன்மையில். அப்டேட் நின்றுபோன பெட்டியை உடனே மாற்றப் பணம் இல்லையென்றால், அதன் நிர்வாகப் பக்கத்தையாவது நிர்வாக விலானுக்கு வெளியே யாரும் அடைய முடியாதபடி வையுங்கள்.

பேரேடு எழுதுவது

குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை எல்லாம் செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நடந்ததை வரிசையாகப் பதியும் ரவுட்டரின் லாக் என்பது குறிப்பேடு. மைக்ரோடிக் தன் நினைவில் இயல்பாக வைத்திருப்பது 1,000 வரி. பாஸ்வேர்டு ஊகிக்கும் தாக்குதல் வரும்போது அது சில நிமிடத்தில் நிரம்பி, முந்தையது அழிந்துபோகும். மின்சாரம் போனால் எல்லாமே போகும். அதனால் லாக்கை அப்போதைக்கப்போதே வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். 180 நாள் லாக்கை இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 ஆணையில் கேட்கிறது.

அதே ஆணை கடிகாரத்தையும் பேசுகிறது: என்.ஐ.சி. (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திருக்க வேண்டும். சில ரவுட்டர்கள் கரண்ட் போய் வந்தால் 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணத் தொடங்கும். ஓ.எல்.டி. ஒரு நேரமும் ரவுட்டர் ஒரு நேரமும் சொன்னால், யார் எந்தக் கதவு வழியாக எப்போது வந்தார் என்று பின்னால் கோக்கவே முடியாது.

ஐந்தொகை என்பது நேற்றைய கான்ஃபிகையும் இன்றைய கான்ஃபிகையும் ஒப்பிடுவது. ஆக்சிடைஸ்டு போன்ற இலவச மென்பொருள் தினமும் ஒவ்வொரு பெட்டியின் கான்ஃபிகை எடுத்து, மாறிய வரியை மட்டும் காட்டும். யாரும் வேலை செய்யாத நாளில் ஒரு வரி மாறியிருந்தால் அதுதான் கேள்வி. மைக்ரோடிக்கில் குறிப்பாகப் பார்க்க வேண்டியவை: தெரியாத யூசர்; ஷெட்யூலரில் (நேரம் குறித்து வேலையை ஓட்டும் இடம்) இணையத்திலிருந்து எதையோ இழுக்கும் ஸ்கிரிப்ட்; பிறர் போக்குவரத்தை உங்கள் முகவரி வழியாகக் கடத்தும் சாக்ஸ் இயங்குகிறதா; ஸ்னிஃபரில் "ஸ்ட்ரீமிங்" திறந்து யாருடைய முகவரியாவது இருக்கிறதா; நீங்கள் போடாத ஜி.ஆர்.இ. அல்லது எல்2டிபி சுரங்க இணைப்பு; டி.என்.எஸ். முகவரி மாறியிருக்கிறதா.

செலவே இல்லாத ஒரு பொறியையும் சேர்த்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் போக்குவரத்தைப் பார்த்து உளவைப் பிடிப்பது வைக்கோற்போரில் ஊசி. ஆனால் ஓ.எல்.டி.க்கு இன்டர்நெட்டில் என்ன வேலை? ஒன்றுமில்லை. ரவுட்டர் தானாகத் தொடங்கும் இணைப்புகளும் சொற்பம்: நேரம், டி.என்.எஸ்., ரேடியஸ், லாக், எப்போதாவது அப்டேட். இவற்றைத் தவிர நிர்வாக விலானிலிருந்தோ ரவுட்டரிலிருந்தோ வெளியே கிளம்பும் எதையும் தடுத்து, லாக்கில் எழுதவிடுங்கள். அமைதியான பட்டியல் அது. அதில் ஒரு வரி விழுந்தால் காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்துவிட்டால்

கை முதலில் போகும் இடம் ரீபூட். அதைச் செய்யாதீர்கள். நினைவில் இருக்கும் தடயம் எல்லாம் அதோடு போய்விடும். முதலில் திரையைப் போனில் படமெடுங்கள், இணைப்புப் பட்டியலையும் லாக்கையும் கான்ஃபிகையும் சேமியுங்கள், மைக்ரோடிக் என்றால் சப்போர்ட் கோப்பு ஒன்றை உருவாக்கி வெளியே எடுங்கள். அப்புறம் வெளியிலிருந்து நிர்வாகத்துக்கு வரும் வழிகளை அடையுங்கள். அப்ஸ்ட்ரீம் நிறுவனத்துக்குப் போனில் சொல்லுங்கள். உங்கள் மின்னஞ்சலை அவனும் படித்துக்கொண்டிருக்கலாம்.

பாஸ்வேர்டு மாற்றுவது சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து, ஒரே நேரத்தில், எல்லாவற்றுக்கும்: லாகின், வி.பி.என். சாவி, ரேடியஸ் ரகசியச் சொல், எஸ்.என்.எம்.பி., பில்லிங் கணக்கு. ஒன்றை விட்டாலும் அதன் வழியாகத் திரும்ப வருவான். பிடிபட்ட ரவுட்டரை நெட்இன்ஸ்டால் மூலம் முதலிலிருந்து மென்பொருள் ஏற்றி, கான்ஃபிகை வரி வரியாகப் படித்துக் கையால் போடுங்கள். பேக்கப் கோப்பை அப்படியே ஏற்றினால் அவன் வைத்த யூசரும் ஷெட்யூலரும் சேர்ந்தே திரும்பி வரும். பேக்கப் எடுத்தபோது அவன் உள்ளே இருந்தானா என்பது உங்களுக்குத் தெரியாது.

தெரிந்த நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் வந்த தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகளும் மத்திய அரசுக்கு ஆறு மணி நேரத்தில் முதல் தகவல், 24 மணி நேரத்தில் விவரம் என்று கேட்கின்றன: எத்தனை பேர் பாதிப்பு, எந்தப் பகுதி, எவ்வளவு நேரம், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள். நோட்டுப் புத்தகமும் லாக்கும் இருந்தால் இதை ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம்.

ஆறு மணி நேரம் என்பது நினைப்பதைவிடச் சீக்கிரம் ஓடும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. யாருக்குப் போன் செய்வது என்ற தாள் ஒன்றை ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்: அப்ஸ்ட்ரீமின் கண்ட்ரோல் ரூம், செர்ட்-இன் கட்டணமில்லா எண் 1800-11-4949, ரவுட்டர் விற்றவர், சர்வர் தெரிந்த ஒருவர். காகிதத்திலேயே இருக்கட்டும், நெட்டை நிறுத்திய பிறகு கூகுளில் தேட முடியாது. பாஸ்வேர்டை மட்டும் அந்தத் தாளில் எழுதிவிட வேண்டாம்.